இரண்டு வேலை பார்த்தும் ஒரு ஸ்டாம்ப் இல்லை!

2025 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சிநேகிதி வீட்டில் காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம், லண்டனிலிருந்து அவள் மகளின் போன் வந்தது. வாராவாரம் வருகிற போன்தான். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "பேசு, ஆன்ட்டியும் இங்கேதான் இருக்கா" என்றாள் சிநேகிதி.

அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன். அதனால் நானே ஆரம்பித்தேன்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு? நல்லா ரெஸ்ட் எடுக்கறியா?"

"பரவாயில்லை ஆன்ட்டி. நாளையிலேருந்து வேலைக்குப் போறேன்."

சிநேகிதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி சொல்றே? டாக்டர் ஆறு வாரம்னாரே!"

"சொன்னார்மா. ஆனா வீட்ல இருந்தா சம்பளம் கிடையாது. உடம்பு சரியில்லாதப்போ கொடுக்கற பணம் உனக்குப் பொருந்தாதுன்னு ரெண்டு இடத்துலயும் சொல்லிட்டாங்க. வீட்டுக் கடன் தவணை வேற ஏறிப்போச்சு. கடையில வேற ஆளை வெச்சுட்டாங்கன்னா அந்த வேலையும் போச்சு."

ஆபரேஷனுக்கு ஒரு பென்னி செலவில்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவை அதைப் பார்த்துக்கொண்டது. ஆபரேஷன் இலவசம். ஆனால் ஓய்வு இலவசம் இல்லை!

உடல்நலப் பத்திரிகையில் சந்தா, பென்ஷன் என்று எழுத வந்திருக்கிறாளே என்று நினைக்காதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுக்கிற மருந்தைக் கடையில் வாங்கிவிடலாம். அவர் எழுதிக்கொடுக்கிற ஓய்வை எங்கே வாங்குவது? அதை வாங்கிக் கொடுப்பது இந்தக் கணக்குதான். பெண்ணையோ மருமகளையோ பிரிட்டனுக்கு அனுப்பியிருக்கிற குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்பிட்டியா? குழந்தை இருமுதா?" என்று கேட்கிற நாம், ஒரு முறையாவது இதையும் கேட்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

'ஏதோ கைச்செலவுக்கு ஆச்சு!'

சிநேகிதியின் மகள் 2010-ல் லண்டன் போனவள். முதல் நாலு வருஷம் ஆபீசில் முழு நேர வேலை. 2014-ல் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். கணவருக்குக் கம்ப்யூட்டர் துறையில் நல்ல சம்பளம். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இரண்டு சின்ன வேலைகளைப் பிடித்தாள். மதியம் ஒரு பள்ளிக்கூடத்தில், சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாயங்காலமும் சனிக்கிழமையும் ஒரு கடையில் வேலை. இரண்டிலும் சேர்ந்து வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம்.

"குழந்தையையும் பார்த்துக்கிட்டு, ஏதோ கைச்செலவுக்கும் ஆச்சு" என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம். நானும்தான் மெச்சினேன். இப்போது யோசித்தால், அந்த 'ஏதோ கைச்செலவு' என்ற வார்த்தையிலேயே கோளாறு இருக்கிறது. சம்பளம் என்றால் கையில் வருகிற பணம் மட்டும்தானா? நோயில், பிரசவத்தில், முதுமையில் நமக்கென்று நிற்கிற உரிமையும் அதோடு சேர்ந்து வர வேண்டாமா?

பிரிட்டனில் அந்த உரிமைக்குப் பெயர் 'நேஷனல் இன்ஷூரன்ஸ்'. தேசியக் காப்பீடு. 1911-ல் லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது இதற்கான சட்டம் வந்தது. தொழிலாளி நாலு பென்னி, முதலாளி மூன்று பென்னி, அரசாங்கம் இரண்டு பென்னி. நாலு பென்னிக்கு ஒன்பது பென்னி என்று அன்றைக்கு விளம்பரம் செய்தார்கள். வாராவாரம் ஒரு அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டுவார்கள். அட்டை போய்ப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பழைய ஆட்கள் இன்றைக்கும் அந்தச் சந்தாவை 'ஸ்டாம்ப்' என்றுதான் சொல்கிறார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

ஒரு சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். ஸ்டாம்ப் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அது தவறு. அங்கே நிரந்தரமாக வசிப்பவருக்கு மருத்துவம் இலவசம், ஸ்டாம்ப் இருந்தாலும் இல்லாவிட்டாலும். விசாவில் போகிறவர்கள் விசாவுக்கு மனுப்போடும்போதே மருத்துவக் கட்டணத்தைத் தனியாகக் கட்டிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது 2024 பிப்ரவரியிலிருந்து வருஷத்துக்கு 1,035 பவுண்டு. ஸ்டாம்பின் வேலை வேறு. முதுமையில் அரசாங்க பென்ஷன், வேலை இல்லாத காலத்திலும் உடம்பு முடியாத காலத்திலும் சில உதவித்தொகைகள் இதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது.

பதினொரு மணி நேரம் பெரிதா, இருபது மணி நேரம் பெரிதா?

இப்போது கணக்குக்கு வருவோம். பயப்படாதீர்கள், பால் கணக்கு மாதிரிதான்.

2025-26 நிதியாண்டில் ஒரே வேலையில் வாரத்துக்கு 125 பவுண்டாவது சம்பளம் வந்தால் ஸ்டாம்ப் விழும். வருஷத்துக்கு 6,500 பவுண்டு வந்துவிட்டால் அந்த வருஷம் நிறைந்த வருஷம். வாரம் 242 பவுண்டைத் தாண்டினால்தான் அவள் சம்பளத்திலிருந்து 8 சதவிகிதம் பிடிப்பார்கள், அதுவும் தாண்டிய தொகைக்குத்தான். 125-க்கும் 242-க்கும் நடுவில் இருப்பவள் ஒரு பென்னியும் கட்ட வேண்டாம். ஆனாலும் கட்டியதாகவே கணக்கில் எழுதிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதானே? பாராட்டலாம்.

ஆனால் 'ஒரே வேலையில்' என்று சொன்னேனே, அங்கேதான் சிக்கல்.

அதே ஆண்டில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு பெண் ஓர் இடத்தில் பத்து மணி நேரம், இன்னோர் இடத்தில் பத்து மணி நேரம் வேலை செய்கிறாள் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 122 பவுண்டு 10 பென்னி. இரண்டும் 125-க்குக் கீழே. சம்பந்தமில்லாத இரண்டு முதலாளிகள் கொடுக்கிற சம்பளத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை என்பது விதி. ஆக, வாரம் 244 பவுண்டு சம்பாதிக்கிறாள், ஒரு ஸ்டாம்ப் கிடையாது!

பக்கத்து வீட்டுப் பெண் ஒரே கடையில் பதினொரு மணி நேரம்தான் வேலை செய்கிறாள். வாரம் 134 பவுண்டு. அவளுக்கு முழு ஸ்டாம்ப்.

இருபது மணி நேரம் உழைத்தவளுக்குச் சுழி, பதினொரு மணி நேரம் உழைத்தவளுக்கு முழு வருஷம். இது என்ன நியாயம்?

"கட்டாதவளுக்கு எதுக்குக் கொடுக்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பதினொரு மணி நேரப் பெண்ணும் ஒன்றும் கட்டவில்லையே! அவளுக்குக் கொடுப்பது சரிதான், நான் குறை சொல்லவில்லை. அவளைவிட அதிகம் சம்பாதித்தவளுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

"ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார், யார் கூட்டுவது?" என்பது இன்னொரு பதில். அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டிய காலத்தில் அது சரியான பதிலாக இருந்திருக்கலாம். 2013-லிருந்து ஒவ்வொரு சம்பள நாளும் முதலாளிகள் சம்பள விவரத்தைக் கம்ப்யூட்டர் மூலம் வரி இலாகாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வருமான வரி விஷயத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வரியில்லாத வரம்பு 12,570 பவுண்டு. எத்தனை வேலை பார்த்தாலும் எல்லாச் சம்பளத்துக்கும் சேர்த்து அந்த வரம்பு ஒரே ஒரு முறைதான். வரி வாங்கும்போது கூட்டத் தெரிகிறது, பென்ஷன் என்று வரும்போது மட்டும் கூட்டல் மறந்துவிடுகிறது!

அந்த நாட்டில் பகுதி நேர வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குழந்தைக்காகவும் வயசான மாமனார் மாமியாருக்காகவும் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டவர்கள். இந்த விதி பெண்களைக் குறிவைத்து எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடி விழுவது அவர்கள் மேல்தான்.

காய்ச்சலோடு வேலைக்குப் போகும் கதை

சிநேகிதியின் மகளுக்கு ஆறு வார ஓய்வு கிடைக்காததற்கும் காரணம் இதே 125 பவுண்டுதான். உடம்பு முடியாமல் படுத்தால் முதலாளி சட்டப்படி கொடுக்க வேண்டிய நோய்க்காலச் சம்பளம் ஒன்று உண்டு. 2025-26-ல் அது வாரம் 118 பவுண்டு 75 பென்னி, 28 வாரம் வரை. முதல் மூன்று நாளைக்குக் கிடையாது. ஆனால் அதைப் பெற அந்த ஒரு வேலையில் சராசரி வாரச் சம்பளம் 125 பவுண்டாவது இருக்க வேண்டும். அவளுக்கு இரண்டு வேலையிலும் 110 பவுண்டுக்குப் பக்கத்தில்தான். அதனால் இரண்டு பக்கமும் கையை விரித்துவிட்டார்கள்.

அவள் மாத்திரம் இல்லை. குறைந்த சம்பளம் என்ற காரணத்தால் இந்த நோய்க்காலப் பணம் கிடைக்காத தொழிலாளர்கள் 13 லட்சம் பேர் வரை என்று பிரிட்டிஷ் அரசாங்கமே சொன்னது. அவர்களெல்லாம் என்ன செய்வார்கள்? காய்ச்சலோடு வேலைக்குப் போவார்கள். தையல் ஆறுவதற்கு முன்னால் பெட்டி தூக்குவார்கள்.

இவளும் அதைத்தான் செய்தாள். கடையில் குளிர்பானப் பெட்டியை நகர்த்தப்போய், நாலாம் நாளே வலி தாங்காமல் மறுபடி படுத்தாள். டாக்டர் திட்டினார். 'கனமான எதையும் தூக்கக்கூடாது' என்று காகிதத்தில் எழுதிக்கொடுத்திருந்தார். ஆனால் காகிதம் வீட்டுக் கடனைக் கட்டுமா?

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2025 டிசம்பரில் அங்கே ஒரு புதிய தொழிலாளர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2026 ஏப்ரல் முதல் இந்தச் சம்பள வரம்பை எடுத்துவிட்டு, முதல் நாளிலிருந்தே நோய்க்காலப் பணம் கொடுக்க அது வழி செய்தது. குறைந்த சம்பளக்காரர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவிகிதம். மனசாரப் பாராட்டுகிறேன். நூறு பவுண்டு சம்பாதிப்பவளுக்கும் காய்ச்சல் வரும் என்று ஒருவழியாகப் புரிந்துகொண்டார்கள்.

அப்படியானால் அடுத்த கேள்வி. நூறு பவுண்டு சம்பாதிப்பவளுக்குக் காய்ச்சல் வரும் என்றால், முதுமையும் வரும்தானே? பென்ஷன் கணக்கில் மட்டும் அந்தச் சுவர் ஏன் அப்படியே நிற்கிறது?

அவள் கணக்கில் நாலே வருஷம்

நோய்க்காலப் பணம் இல்லை என்று சொன்ன பிறகுதான் அந்தப் பெண் முதல் முறையாகத் தன் ஸ்டாம்ப் கணக்கைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். 2010-லிருந்து நாலு வருஷம் 'நிறைந்தது'. அதற்கப்புறம் வரிசையாக 'நிறையவில்லை', 'நிறையவில்லை', 'நிறையவில்லை'...

"ஏழு வருஷமா ரெண்டு வேலை பார்க்கறேன் ஆன்ட்டி. அந்தப் பக்கத்தைப் பார்த்தா நான் எதுவுமே செய்யாத மாதிரி இருக்கு" என்றாள். அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த சிநேகிதிதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

2016 ஏப்ரலுக்குப் பிறகு பென்ஷன் வயதை அடைகிறவர்களுக்குப் புதிய முறை. முழு பென்ஷனுக்கு 35 நிறைந்த வருஷங்கள் வேண்டும். குறைந்தது 10 வருஷமாவது இல்லாவிட்டால் பென்ஷனே கிடையாது. 2025-26-ல் முழு பென்ஷன் வாரம் 230 பவுண்டு 25 பென்னி. ஒரு வருஷம் விட்டுப்போனால் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது வாரத்துக்கு ஆறரைப் பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே குறையும். பத்து வருஷம் விட்டுப்போனால் வாரத்துக்கு 65 பவுண்டு குறையும், அதுவும் ஆயுசு முழுக்க. இவள் கையில் இருப்பது நாலு. அப்படியே விட்டால் சுழி.

"அதனால என்ன, மாப்பிள்ளை பென்ஷன் வருமே!" என்றாள் சிநேகிதி.

இங்கேதான் நம் வீடுகளில் பெரிய தப்பு நடக்கிறது. ஒரு காலத்தில் அந்த நாட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். கல்யாணமான பெண்கள் குறைந்த சந்தா கட்டலாம், புருஷன் ஸ்டாம்பிலேயே மனைவிக்கும் பென்ஷன் என்று வைத்திருந்தார்கள். அதற்குச் 'சின்ன ஸ்டாம்ப்' என்று பெயர். அந்தச் சலுகையில் புதிதாகச் சேர்வதை 1977-லேயே நிறுத்திவிட்டார்கள். புதிய முறையில் அவரவர் பென்ஷன் பெரும்பாலும் அவரவர் கணக்கைப் பொறுத்ததுதான். புருஷன் கணக்கைக் காட்டி மனைவி வாங்க முடியாது. சட்டம் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நம் பேச்சுதான் இன்னும் சின்ன ஸ்டாம்ப் காலத்திலேயே நிற்கிறது.

ஒரு பாரம் போடாததால்...

இன்னும் வேதனையான விஷயம் ஒன்று. வீட்டில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்து, தாய் தன் பெயரில் குழந்தைப் படிக்கு மனுக் கொடுத்திருந்தால், வேலையே பார்க்காவிட்டாலும் அந்த வருஷங்களெல்லாம் பென்ஷன் கணக்கில் நிறைந்தவையாக ஏறிவிடும். இவளுக்கு 2014-ல் பிறந்த குழந்தை. அத்தனை வருஷமும் இலவசமாக நிறைந்திருக்கும்!

ஏன் மனுக் கொடுக்கவில்லை? 2013 ஜனவரியில் ஒரு விதி வந்தது. கணவன் மனைவி இருவரில் ஒருவர் வருஷத்துக்கு 50,000 பவுண்டைத் தாண்டிச் சம்பாதித்தால் குழந்தைப் படியை வரியாகத் திரும்பப் பிடிக்க ஆரம்பிப்பார்கள், 60,000-ல் முழுசும் போய்விடும். (2024 ஏப்ரலில் இது 60,000, 80,000 என்று மாறியது.) "வாங்கித் திருப்பிக் கொடுக்கறதுக்கு எதுக்குப் பாரம் எழுதணும்?" என்று கணவர் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் 'பணம் வேண்டாம், கணக்கில் மட்டும் ஏற்றுங்கள்' என்று அதே பாரத்தில் எழுதிக்கொடுக்கலாம் என்பது அவருக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது.

சில வீடுகளில் மனுக் கொடுக்கிறார்கள், ஆனால் சம்பாதிக்கிற கணவர் பெயரில்! அவருக்கோ ஏற்கெனவே ஸ்டாம்ப் விழுந்துகொண்டிருக்கிறது. வேலைக்குப் போகாதவள் கணக்கு காலியாகவே கிடக்கும். பாரம் எழுதும்போது பெயர் எழுதுகிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும்.

இப்படி ஏமாந்த பெற்றோருக்கு விட்டுப்போன வருஷங்களைத் திரும்பக் கொடுக்க ஏற்பாடு செய்வதாக 2023-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. இந்த நிலையில் இருப்பவர்கள் வரி இலாகாவுக்கு எழுதிக் கேட்பதில் தயங்கவே கூடாது.

போனில் கேட்க வேண்டியவை

இனி, அங்கே இருக்கிற நம் பெண்ணுக்கு நாம் சொல்ல வேண்டியவை. தொகைகள் ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

முதலில், கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசாங்கத்தின் வலைத்தளத்திலோ வரி இலாகாவின் மொபைல் செயலியிலோ பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம், காசு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிற மாதிரி இதையும் பார்க்கட்டும்.

இரண்டாவது, இரண்டு சின்ன வேலைகளுக்குப் பதிலாக ஒரே வேலையில் கூடுதல் மணி நேரம் கேட்கட்டும். "வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் சேர்த்துக் கொடுங்க" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் ஒரு முழு வருஷத்தை வாங்கித் தரலாம்.

மூன்றாவது, சம்பளச் சீட்டு. லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று நம்மவர்கள் கூடி வாழும் இடங்களில் தெரிந்தவர் கடை, தெரிந்தவர் ஹோட்டல் என்று வேலை கிடைத்துவிடும். "சீட்டெல்லாம் எதுக்கும்மா, கையில வாங்கிக்கோ" என்று அன்பாகச் சொல்லுவார்கள். அந்த அன்பு வேண்டாம். சீட்டு இல்லாத சம்பளம் கணக்கில் ஏறாது. நாளைக்கு உடம்புக்கு ஒன்று என்றால், வேலை பார்த்தேன் என்பதற்கே சாட்சி இருக்காது.

நான்காவது, பிரசவம். ஒரே முதலாளியிடம் வாங்குகிற சட்டப்படியான பிரசவச் சம்பளத்துக்கு அந்தச் சம்பள வரம்பு உண்டு. அது கிடைக்காதவர்களுக்கு அரசாங்கமே கொடுக்கும் பிரசவப் படி ஒன்று இருக்கிறது. குழந்தை பிறக்க வேண்டிய தேதிக்கு முந்தைய 66 வாரங்களில் 26 வாரம் வேலை பார்த்திருந்து, அதில் 13 வாரமாவது வாரம் 30 பவுண்டு சம்பாதித்திருந்தால் போதும். இதில் சின்னச் சின்ன வேலைகளைச் சேர்த்துக் காட்டலாம். பிரசவத்துக்குக் கூட்டத் தெரிந்தவர்கள் பென்ஷனுக்கும் கூட்டலாமே என்பதுதான் என் கட்சி!

ஐந்தாவது, விசாவில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. 'பொது நிதி உதவி கிடையாது' என்று விசாவில் போட்டிருந்தால் குழந்தைப் படிக்கு மனுப்போடக் கூடாது. போட்டால் விசாவுக்கே ஆபத்து. ஆனால் நோய்க்காலச் சம்பளம், பிரசவப் படி, ஸ்டாம்பால் வரும் பென்ஷன் இவை அந்தத் தடையில் வராது. அந்தப் பயத்திலேயே எதையும் கேட்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

ஆறாவது, அங்கேயே குடியேறிய பாட்டி தாத்தாக்கள். பென்ஷன் வயது ஆகாத பாட்டி, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பேரனைப் பார்த்துக்கொள்கிறாள், தாய் வேலைக்குப் போகிறாள் என்றால், குழந்தைப் படி மூலம் தாய்க்கு ஏறுகிற வருஷத்தைப் பாட்டி பெயருக்கு மாற்றிக்கொள்ள 2011-லிருந்து வழி உண்டு. இருவரும் சேர்ந்து மனுப்போட வேண்டும். உடம்பு முடியாதவரை வாரத்துக்கு 20 மணி நேரம் கவனித்துக்கொள்பவருக்கும் இதுபோல ஓர் ஏற்பாடு இருக்கிறது.

கடைசியாக, விட்டுப்போன வருஷத்தைப் பணம் கட்டி நிரப்பலாம். சாதாரணமாகக் கடந்த ஆறு வருஷத்துக்குத்தான் கட்ட முடியும். 2025-26-க்கு வாரம் 17 பவுண்டு 75 பென்னி, வருஷத்துக்கு 923 பவுண்டு. அதனால் பென்ஷன் வருஷத்துக்கு 342 பவுண்டு கூடும். பென்ஷன் வாங்க ஆரம்பித்த மூன்றே வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். ஆனால் அவசரப்பட்டுக் கட்டக் கூடாது. இலவசமாகக் கிடைக்க வேண்டிய வருஷத்துக்கே பணம் கட்டிவிட நேரலாம். முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு கட்டட்டும்.

'ரிடையர் ஆனதும் ஊருக்கே வந்துடுவோம்' என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த பென்ஷனை இந்தியாவில் இருந்தபடியே வாங்கலாம். ஆனால் அங்கே வருஷா வருஷம் ஏறுகிற மாதிரி இங்கே ஏறாது. முதலில் வாங்கிய தொகையோடு நின்றுவிடும். இலங்கைக்குத் திரும்புகிறவர்களுக்கும் இதே கதிதான்.

அவள் பெயரில் ஒரு வரி

சட்டம் மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பெண் எத்தனை இடத்தில் உழைத்தாலும் அத்தனையையும் கூட்டி ஒரே உழைப்பாகப் பார்க்க வேண்டும். நோய்க்காலப் பணத்தில் வரம்பை எடுக்க முடிந்தவர்களுக்கு இதுவும் முடியும். ஆனால் லண்டனில் சட்டம் மாறும் வரை நம் வீட்டுப் பெண் காத்திருக்க முடியாதே! அதற்குள் வருஷங்கள் ஓடிவிடும்.

சட்டத்துக்கு முன்னால் நம் பேச்சு மாறலாம். 'ஏதோ கைச்செலவுக்கு' என்பதை நாம் விட்டுவிடலாம். வேலைக்குப் போகிற பெண்ணிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற நாம், "உன் பேரில் ஸ்டாம்ப் விழுதாம்மா?" என்றும் கேட்கலாம். மாப்பிள்ளையிடமும் கேட்கலாம், தப்பில்லை. வீட்டுக் கடன் கணக்கை மாதாமாதம் பார்க்கிறவர், மனைவியின் கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கக் கூடாதா?

போன தீபாவளிக்கு அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது.

"ஆன்ட்டி, கடை வேலையை விட்டுட்டேன். ஸ்கூல்லயே பதினஞ்சு மணி நேரம் கொடுத்துட்டாங்க. குழந்தைப் படி பாரமும் என் பேர்ல போட்டாச்சு. பழைய வருஷங்களுக்கும் எழுதியிருக்கேன்."

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"அவர்தான் ஆன்ட்டி உட்கார்ந்து பாரம் எழுதினார். பெயர் எழுதற இடத்துல என்னைக் கூப்பிட்டு, 'இதை நீயே எழுது'ன்னார்."

சிநேகிதி இந்தத் தடவையும் முந்தானையை எடுத்தாள். ஆனால் இது வேறு கண்ணீர்.